ஆற்றுவாயும் ஒரு பழைய எண்ணும்

குணராசா அண்ணன் காலமானார் என்ற செய்தி வந்தபோது நான் களுவாஞ்சிக்குடிச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். சொன்னவர் எங்கள் அலுவலகத்துக்காரர். "நெஞ்சுவலியாம். பாவம் மனிசன்" என்றார். அவரை அந்த நிலைக்கு ஆளாக்கியவர்களில் இவரும் ஒருவர். மீனை வாங்காமலேயே திரும்பி நடந்தேன்.

மழையளவைக் கணக்கிடும் பிரிவில் நாங்கள் இருவரும் பல ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து மேசை. ஒவ்வொரு மாரியிலும் ஒரே இழுபறி. வாவி நிரம்பினால் கடலோர மணல்திட்டை வெட்டி, நீர் கடலுக்குப் போக ஆற்றுவாயைத் திறக்க வேண்டும். பிந்தினால் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல் வட்டைகளில் வேளாண்மை அழுகும். முந்தினால் மீனும் இறாலும் கடலோடு போகும். எப்போது வெட்டுவது என்று கணிக்க அண்ணன் ஒரு கணினி நிரல் எழுதினார்.

அதற்கு முகப்பும் இல்லை, பொத்தானும் இல்லை. நிரல் எழுதும் எடிட்டருக்குள்ளேயே வேண்டிய வரிகளைத் தெரிவுசெய்து ஒரு விசையை அழுத்துவார். விடை கீழே வந்து நிற்கும்.

"சமைக்கிற சட்டிக்குள்ளயே ருசி பாக்கிறதுகா இது. கோப்பையில ஊத்தி ஏன் மினக்கெடுவான்?" என்பார்.

"சட்டியோட கொண்டுபோய் வெச்சா பெரியவங்க சாப்பிடமாட்டாங்க அண்ணன்."

சிரிப்பார்.

போன மாரிக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் புதிய மழையளவை எழுதிவிட்டு, கடைசிப் பகுதியை மட்டும் ஓட்டினார். மேலே மாற்றிய வரியை ஓட்ட மறந்துவிட்டார். கணினியின் நினைவில் முந்தைய நாளின் அளவே கிடந்தது. வெட்டத் தேவையில்லை என்று விடை வந்தது. எடிட்டருக்குள்ளேயே ஓட்டிப் பழகியவர்கள் எல்லோரும் ஒருநாள் விடுகிற பிழை.

வீட்டில் எடிட்டரை மூடித் திறந்து முதல் வரியிலிருந்து ஓட்டியபோதுதான் கண்டுகொண்டார். மறுநாள் காலையிலேயே எங்கள் அதிகாரி முன் போய் நின்றார். நானும் கூட நின்றேன்.

"ஐயா, நேத்து நான் பிழை விட்டுட்டன். இண்டைக்கே வெட்டணும்."

"நேத்து ஒண்டு, இண்டைக்கு ஒண்டு. உங்கட பெட்டிக்குள்ள பெய்யிற மழை வேற, வெளிய பெய்யிற மழை வேறயா குணராசா?"

அறையில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். சந்தையில் செய்தி சொன்னவரும் சிரித்தார். ஆற்றுவாய் வெட்டப்படவில்லை. வட்டைகள் மூழ்கின. அதன்பின் நடந்த விசாரணையில் முதல் விடை மட்டும் பதிவாகி, பழி அண்ணன்மேல் விழுந்தது. திருத்தம் சொன்னது எவருக்கும் நினைவில்லையாம். நான் சாட்சி சொன்னேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அதன்பின் அண்ணன் சின்னக் கூட்டலைக்கூட முதல் வரியிலிருந்தே ஓட்டினார். "பழசு உள்ள கிடக்கும்கா" என்பார். கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். அங்கே வயல் அழிந்த கமக்காரர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

செத்த வீட்டுக்கு அதிகாரி மலர்வளையத்தோடு வந்தார். அருமையான மனிதர் என்று பேசிவிட்டுப் போனார்.

எட்டாம் நாள் எட்டுச் சடங்கு முடிந்ததும் அண்ணனின் மனைவி அவருடைய மடிக்கணினியை என்னிடம் தந்தார். "இத வெச்சி நான் என்ன செய்யிற தம்பி?"

இந்த வார மழையளவை இட்டு, முதல் வரியிலிருந்து ஓட்டினேன். நாளையே வெட்ட வேண்டும் என்று வந்தது. அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். "இன்னும் அந்தப் பெட்டியா?" என்று கேட்டு வைத்துவிட்டார்கள்.

வெளியே மழை விடவில்லை. விடை கடைசி வரியின் கீழே நிற்கிறது. இம்முறை பிழையில்லை அண்ணன். கேட்கத்தான் ஆளில்லை. போய் வாருங்கள்.