ஜெர்மனியிலிருந்து வந்த பையர்

எங்கள் ஊரில் வெள்ளைக்காரர் என்றால் பையர்தான். பனியன் வாங்க வருகிறவர். அவர் வரும் நாளில் அம்மா வேலை செய்யும் பனியன் கம்பெனியைக் கழுவிவிடுவார்கள். அம்மாவுக்கு மூக்கை மூடிக்கொள்ளத் துணி கொடுத்து, சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஆகவே, நான் நான்காம் வகுப்பு படித்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வெள்ளைக்காரம்மா ஒருவர் எங்கள் லைன் வீட்டுக்குள்ளேயே வந்து பாயில் உட்கார்ந்ததும், இங்கே எதை வாங்கப்போகிறார் என்று குழம்பிப்போனேன்.

அவரை அழைத்து வந்தவர் என் மாமா. அம்மாவின் தம்பி, தொழிற்சங்கத்தில் இருந்தார். அம்மாவோடு செக்கிங்கில், அதாவது தைத்த பனியனில் பழுது பார்த்துப் பிரிக்கும் இடத்தில், வேலை செய்யும் பெண்கள் ஏழெட்டுப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெள்ளைக்காரம்மாவுக்கும் இங்கிலீஷ் அரைகுறை, மாமாவுக்கும் அரைகுறை. அதனால் அவருடைய வாழ்க்கை எனக்குத் துண்டுதுண்டாகத்தான் வந்து சேர்ந்தது. ஜெர்மனியில் சட்டை தைக்கும் ஆலையில் தையல்காரியாக இருந்தாராம். சங்கம் சேர்த்ததற்காக வெளியே தள்ளினார்களாம். கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தாராம், அந்தக் கட்சியை அரசாங்கம் தடை செய்ததாம், இவர் சின்ன மகளை விட்டுவிட்டு ஜெயிலுக்குப் போனாராம். பிறகு எத்தனையோ தேர்தலில் தோற்று, வயதான காலத்தில் ஒருமுறை ஜெயித்து, தன் ஊர் நகரசபையில் உட்கார்ந்தாராம்.

ஜெயில் என்றதும் நான் எழுந்து போய் எங்கள் சில்வர் தம்ளர்களை எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "உங்களைய ஜெயில்ல போட்டப்ப கொழந்தைய யாருங்க பாத்துக்கிட்டாங்க?"

மாமா அதை இங்கிலீஷில் சொல்ல வெகுநேரம் திணறினார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். தங்கை வளர்த்தாளாம். திரும்பி வந்தபோது மகள் தங்கையைத்தான் அம்மா என்று கூப்பிட்டாளாம்.  அம்மா இன்னொரு தோசையை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

அவர் போனதும், வந்தவர் யாரென்று வெளியே மூச்சுவிடக் கூடாது என்றாள் அம்மா. ஜெயிலுக்குப் போனது வெளியே தெரிந்தால் அவருக்கு அவமானம், அதனால்தான் சொல்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பள்ளி விட்டு, வீட்டுச் சாவி வாங்கக் கம்பெனி கேட்டுக்குப் போனேன். மேனேஜர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, நேத்து உங்க ஊட்டுக்கு யாரோ வெள்ளைக்காரம்மா வந்தாங்களாமா?"

"ஆமாங்க. பையருங்க. ஜெர்மனி பையர்" என்றேன்.

அவர் முகம் மாறியது. என் பொய் அடுத்த நாளிலிருந்தே வேலை செய்யத் தொடங்கியது. செக்கிங் மேசைகளுக்கு நாற்காலி வந்தது. குடிக்க கேன் தண்ணீர் வந்தது. பெண்கள் எத்தனையோ மாதமாகக் கேட்டும் நடக்காதது, கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள், அதுவும் வந்தது. அம்மா வீட்டுக்கு வந்து ஒன்றும் விளங்காமல் சொல்லிச் சிரித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

வார இறுதியில் மேனேஜர், பெண்கள் எல்லோரும் பார்த்திருக்க, அம்மாவைக் கூப்பிட்டாராம். அந்த ஜெர்மனி பையரம்மாவிடம் இங்கே ஒரு குறையும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும், சொன்னால் அம்மாவைச் சூப்பர்வைசர் ஆக்குவதாகச் சொன்னாராம்.

அம்மா சொல்லிவிட்டாள். "அவங்க பையர் இல்லீங்க சார். நம்மளாட்டத் தையல்காரிங்க. சங்கத்துக்காரங்க. நான்தான் ஊட்டுக்கு வரச் சொன்னேன்."

அப்போதே வெளியே போகச் சொன்னார் மேனேஜர். அம்மா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறாள். மேசையில் இருந்த மற்ற பெண்களும் ஒவ்வொருவராக எழுந்து, பின்னாலேயே வந்து கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். சரக்கைக் கப்பலேற்றும் ஷிப்மெண்ட் தேதி நெருங்கியிருந்தது. இரண்டு நாள் மாமா ஓடியாடிப் பேசினார். மூன்றாம் நாள் எல்லோரையும் உள்ளே விட்டார்கள். அம்மாவை மட்டும் செக்கிங்கிலிருந்து எடுத்து, நூல் பிசிறு வெட்டும் வேலைக்கு அனுப்பினார்கள். அதற்குச் சம்பளம் குறைவு.

அன்று சாயங்காலம் அழுதுகொண்டே என் பொய்யை அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அடி விழும் என்று காத்திருந்தேன். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்து, என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

எனக்குத்தான் ஆறவில்லை. நாற்காலியும் தண்ணீரும் தாழ்ப்பாளும் கொண்டுவந்த பொய். இன்னும் ஒரே ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் அம்மா சூப்பர்வைசர். அதைப் போய்த் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாளே! பாவம், அம்மாவுக்கு விவரம் பத்தவில்லை என்று நினைத்தபடியே அவள் மடியில் தூங்கிப்போனேன்.