மாத்திரை டப்பாவில் தமிழ்

ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். டெல்லி ஜனக்புரியில் வீட்டு வேலை செய்கிறேன். வீட்டில் தனியாக இருக்கும் என் கணவருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்க வரும். சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் பார்க்க ஒரே மாதிரி. மாற்றி விழுங்கிவிடுவாரோ என்று வேலைக்கு நடுவே போன் செய்துகொண்டே இருப்பேன்.

மருந்துக்கடைக்காரரிடம் ஒருநாள் அழாத குறையாகச் சொன்னேன். அவர் தன் போனை நீட்டி, அக்கா என்று இந்தியில் அழைத்து, "தீதி, எந்த மாத்திரை எப்போன்னு இதுல தமிழ்ல சொல்லுங்க" என்றார். சொன்னது அப்படியே கம்ப்யூட்டர் திரையில் தமிழாக வந்தது. ஆனால் டப்பாவில் ஒட்டுவதற்காகப் பிரிண்டர் துப்பிய ஸ்டிக்கரில் வெறும் கட்டங்கள்.

"ஐயோ அண்ணா, நான் கெடுத்துட்டேனா?"

"அட, இல்ல தீதி! கம்ப்யூட்டர் எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டுல சரியாத்தான் அனுப்புது. பிரிண்டர்கிட்ட உங்க எழுத்தோட உருவம் இல்ல, அவ்வளவுதான்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். இணையத்திலிருந்து ஒரு தமிழ் எழுத்துருவை இறக்கி, பிரிண்டருக்குள் ஏற்றிவிட்டு, மறுபடி பட்டனை அழுத்தினார்.

'சர்க்கரைக்கு. காலை, சாப்பாட்டுக்கு முன்.' முத்து முத்தாக ஊர்ந்து வந்தது. தமிழே அறியாத மனிதர், தமிழே அறியாத இயந்திரம்!

மறுநாள் நான் போன் செய்யவில்லை. மதியம் கணவரே பதறிப்போய்க் கூப்பிட்டார்: "ஏம்மா, போனையே காணோம்? உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

பயமில்லாத ஒரு காலைப்பொழுது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.