மின்னலுக்கு முந்தைய சரிவு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. எந்தக் கண்டுபிடிப்பானாலும் இன்னொரு மழைக்காலத்தைத் தாங்க வேண்டும். அப்புறம்தான் வெளியே மூச்சு விடலாம். ஊட்டிக்கு மேலே, மேகம் கேட்காமல் கொள்ளாமல் அறைக்குள் வந்து உட்காரும் இடத்தில் கருவிகளை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் புத்தி தானாக வந்துவிடும். ஜூலை மாதத்தில் எங்கள் கருவிகள் சொல்வதையெல்லாம் நம்பியிருந்தால், நாங்கள் ஆளுக்கொரு புதிய துகளைக் கண்டுபிடித்திருப்போம்.

நாங்கள் எண்ணுவது மியூவான்களை. வானத்திலிருந்து ஓயாமல் பொழிந்துகொண்டிருக்கும் நுண்துகள்கள் அவை. இதைப் படிக்கிற உங்கள் உள்ளங்கை வழியாகவும் இப்போது போய்க்கொண்டிருக்கின்றன. கொட்டகைகளில் அடுக்கிய இரும்புக் குழாய்கள் அவற்றை எண்ணும். எண்ணிக்கை சட்டென்று குறைந்தால் மேலே ஏதோ நடக்கிறது என்று பொருள். இல்லையென்றால், கீழே எங்கள் கொட்டகைக்குள் ஏதோ கோளாறு என்று பொருள். இரண்டில் எது என்று பிரித்துப் பார்ப்பதிலேயே என் வாழ்க்கையின் பெரும்பகுதி போய்விட்டது.

என்னிடம் கடைசியாக முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள் மஞ்சூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் வளர்ந்தவள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில், அம்மா கொழுந்து எடுப்பதில். ஓய்வு நெருங்குகிறது, இனி மாணவர் வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மூன்று முறை வந்து நின்றாள், நான்காம் முறை நான் நாற்காலியைக் காட்டினேன்.

ஒரு மே மாதம், கோடை இடிமழை முடிகிற சமயம், ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"சார், இடி வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி எண்ணிக்கை கொறையுதுங்க. ஒவ்வொரு தடவையும் கொறையுதுங்க."

குரல் நடுங்கியது. ஏன் நடுங்காது? உண்மையாக இருந்தால், மின்னல் விழுமுன் மக்களை எச்சரித்துவிடலாம். "எங்க எஸ்டேட் லைன் வீட்டுல ஒரு அக்கா இடி விழுந்துதான் செத்துப்போச்சுங்க சார்," என்றாள். எனக்கும் உள்ளே குறுகுறுத்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே.

"சந்தோஷம்மா. இந்த மழையைக் கடத்திட்டு வா, பேசலாம்."

முகம் வாடிப்போனது. வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தென்மேற்குப் பருவத்தில் எங்கள் பக்கம் இடி குறைவு. சாரலும் மேகமும்தான், வாரக்கணக்கில். இடியே இல்லாத அந்த நாட்களிலும் எண்ணிக்கை குறைந்தது. அவள் மழைக்கோட்டுடன் கொட்டகையிலேயே கிடந்தாள். கூந்தல் உலர்த்தும் கருவியை யாரிடமோ இரவல் வாங்கி வந்து, குழாய்களின் மின் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் காயவைத்தாள். காயவைத்த குழாய்களில் சரிவு காணாமல் போனது. மற்றவற்றில் அப்படியே இருந்தது.

"ஈரமுங்க சார்," என்று வந்து சொன்னாள். "இடிக்கு முன்னாடி மேகம் உள்ள எறங்குதுங்க. கனெக்டர்ல மின்சாரம் கசியுது, குழாய் சரியா எண்ண மாட்டேங்குது. வேற ஒண்ணுமே இல்லைங்க."

அழகான வேலை. தனக்கு வேண்டும் என்று ஏங்கிய முடிவைத் தன் கையாலேயே உடைக்கிற நெஞ்சுரம் எனக்கு அந்த வயதில் இருந்ததா என்று தெரியாது. அன்று அவளுக்கு நானே டீ போட்டுக் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு அழுதாள்.

அந்த மழைக்காலத்துக்குள்ளேயே வினை வந்து சேர்ந்தது. எங்கள் அளவீடுகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டு வைத்திருக்கிறோம். பொதுப்பணத்தில் நடக்கிற ஆய்வு, அதுதான் நியாயம். எங்கள் மலையைப் படத்தில்கூடப் பார்த்திராத யாரோ சிலர் அதை எடுத்து, கணினியில் ஓடவிட்டு, அதே சரிவைக் கண்டார்கள். கோடை மாதங்களை மட்டும் பார்த்தார்கள். மழையைக் கடத்த வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? கட்டணம் கட்டினால் சீக்கிரம் வெளியிடும் ஓர் ஆய்விதழ் அதை உடனே போட்டுவிட்டது. மின்னலை முன்கூட்டியே அறியலாம் என்று செய்தித்தாள்களும் எழுதின.

ஊட்டியில், நான் குடியிருக்கும் பெர்ன்ஹில்லில், என் அடுத்த வீட்டுக்காரர் கேட்டருகே நிறுத்திக் கை கொடுத்தார். "ஏனுங்க, உங்க கருவியில பெருசா ஏதோ கண்டுபுடிச்சிருக்காங்களாமே!" என்றார். அவர் மேல் என்ன தப்பு? கையைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன்.

அதற்கப்புறம், சரிவுக்குக் காரணம் ஈரம்தான் என்று நாங்கள் எழுதிய கட்டுரையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஏறி இறங்காத வாசல் இல்லை. தவறாக வெளியிட்ட அதே இதழுக்கு முதலில் எழுதினோம். மறுப்புகளில் புதுமை இல்லை என்று பதில் வந்தது. புதுமையாம். அவர்கள் போட்டது பொய் என்கிறோம், அதற்குப் புதுமை வேண்டுமாம்!

அடுத்து அனுப்பிய வேறோர் இதழிலிருந்து, கட்டுரையைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் மதிப்பீட்டாளரின் அறிக்கை வந்தது. வழவழவென்று இருந்தது. முதல் பத்தியில் பாராட்டு, இரண்டாம் பத்தியில் தயக்கம், அப்புறம் "ஏற்கெனவே நிறுவப்பட்ட முடிவோடு முரண்படுவதால் ஏற்பதற்கில்லை." படித்தே தீர வேண்டிய கட்டுரைகள் என்று சிலவற்றையும் குறிப்பிட்டிருந்தது. ஒரு காலைப்பொழுது முழுக்கத் தேடினேன். அப்படிக் கட்டுரைகளே உலகத்தில் இல்லை. எழுதியது மனிதர் இல்லை, ஏதோ ஓர் இயந்திரம். முன்பெல்லாம் என் கட்டுரைகளைக் கிழித்துத் தோரணம் கட்டிய மதிப்பீட்டாளர்கள் உண்டு. அவர்களை மனதாரத் திட்டியிருக்கிறேன். அவர்களாவது படித்துவிட்டுக் கிழித்தார்கள். இதழாசிரியருக்குப் புகார் எழுதினேன். அதற்கு வந்த பதிலும் அதே வழவழப்பில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கணினியை மூடினேன்.

கட்டுரையை நாங்களே இணையத்தில் போட்டோம். யாரும் படிக்கலாம், ஆனால் எவர் கணக்கிலும் அது சேராது. அவளுடைய பல்கலைக்கழகத்துக்கும் அப்படித்தான். அவர்கள் ஏற்ற பட்டியலில் உள்ள இதழில் ஒரு கட்டுரையாவது வந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். நேரில் போய் வாதாடினேன். "விதி சார், நாங்க என்ன பண்றது?" என்றார்கள். அவளுடைய உதவித்தொகைக் காலம் முடிந்தது. பெட்டியைக் கட்டினாள்.

"போயிட்டு வர்றனுங்க சார். கட்டுரை வந்துச்சுன்னா சொல்லுங்க," என்றாள். வரவில்லை. இன்னும் இரண்டு இதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. பட்டம் இல்லாமலே அவள் ஊரில் இருக்கிறாள்.

போன மாதம் ஒரு பிற்பகல் தொலைபேசியில் அழைத்தாள். வீட்டிலிருந்தே செய்கிற வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். கேள்விகளுக்கு இயந்திரம் எழுதும் இயற்பியல் பதில்களைச் சரியா தவறா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். அம்மாவை வேலைக்குப் போக வேண்டாம் என்று நிறுத்திவிட்டாளாம். நல்லது என்றேன்.

"சார், நேத்து ஒரு கேள்வி வந்துச்சுங்க. மியூவானை வெச்சு மின்னல் வர்றத முன்னாடியே சொல்ல முடியுமான்னு. முடியும்னு மெஷின் எழுதியிருந்துச்சு. அந்தத் தப்பான பேப்பரைத்தான் ஆதாரமாக் காட்டுச்சுங்க."

"நீ என்ன பண்ணே?"

"தப்புன்னு போட்டனுங்க. ஆதாரம் குடுன்னு கம்பெனிக்காரங்க திருப்பி அனுப்புனாங்க. நம்ம கட்டுரையக் குடுத்தனுங்க. இதழ்ல வராதது செல்லாதுன்னுட்டாங்க."

"அப்புறம்?"

"மறுபடியும் தப்புன்னா வேலைய விட்டு எடுத்துருவாங்க சார். சரின்னு நானே டிக் போட்டுட்டனுங்க."