தாழ வைத்த யன்னல்

என் ஊர் கல்முனைக்குடியில் என் கையால் எழும்பிய வீடுகள் ஒரு தெரு முழுக்க நிற்கின்றன. சாகாமத்தில் ஒரு வயல்காரப் போடியாருக்கு நெல் களஞ்சியம் கட்டினேன்; வெள்ளத்தில் பக்கத்துச் சுவரெல்லாம் கரைந்தபோதும் அது அசையவில்லை. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யும் ஹவுழ்த் தொட்டியும் என் வேலைதான். மூன்றாம் வகுப்போடு நின்று, இரவல் சாந்துக் கரண்டியோடு தொழிலுக்கு இறங்கியவன் நான். இத்தனைக்கும் மேலே இங்கிலாந்தில் ஒரு கிராமத்துப் பப்பையும் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். பப் என்றால் மதுச்சாலை. முகம் சுளிப்பவர்கள் சுளித்துவிட்டு மேலே வாசியுங்கள். நான் ஒரு சொட்டும் தொட்டதில்லை, சுவரைத்தான் தொட்டேன்.

வேலைக்குப் போன சவூதியில் என் சுவர்ப் பூச்சைப் பார்த்த வெள்ளைக்காரக் கட்டடக் கொந்தராத்துக்காரர் ஒருவர் எழுபதுகளின் கடைசியில் என்னை இங்கே இங்கிலாந்துக்கு எடுத்தார். அந்தப் பப் விக்டோரியா ராணி காலத்துச் செங்கல் கட்டடம். ஒரே கட்டடத்துக்கு மூன்று வாசல்: துரைமாருக்கு ஒன்று, கூலிக்காரருக்கு ஒன்று, பக்கவாட்டில் பெண்களுக்கு ஒன்று. கண்ணாடிகளில் பூவேலை செய்து மங்கலாக்கியிருந்தார்கள். வெளிச்சம் வரும், உள்ளே இருப்பவர் முகம் தெரியாது. பெண்கள் இருந்து குடிக்கும் சின்ன அறைக்கு ‘ஸ்னக்’ என்று பேர். குடிக்க வந்த இடத்திலும் மறைவு தேடியிருக்கிறார்கள். அந்த அறைதான் எனக்கு ஊர் வீட்டைப்போல இருந்தது. ஊரில் எங்கள் முன்னறையில் ஆண் விருந்தாளிகள் இருக்க, நடுச்சுவரின் சின்ன யன்னலால் என் மனைவி தேத்தண்ணி நீட்டுவா. காப்புப் போட்ட கை மட்டுந்தான் தெரியும். அதற்காகவே அந்த யன்னலை இடுப்பளவுக்குத் தாழ வைத்திருந்தேன்.

ஸ்னக்குக்கும் மது ஊற்றும் இடத்துக்கும் நடுவிலிருந்த யன்னலை யாரோ எப்போதோ செங்கல்லால் அடைத்திருந்தார்கள்; பழைய உயரமும் தெரியவில்லை. அதைத் திறந்து புதிதாக அமைப்பது என் பொறுப்பு. அந்தக் கிழமைதான் மனைவி மௌத்தான செய்தி வந்தது. எனக்குத் தெரியவரும்போது ஊரில் அடக்கம் செய்துவிட்டார்கள். நான் வேலையை நிறுத்தவில்லை. நிறுத்தி எங்கே போய் இருப்பது? யன்னல் நிலை பூட்டி முடிந்ததும் பப்பின் சொந்தக்காரி மிஸிஸ் ஹேரிஸ் வந்து பார்த்துச் சிரித்தார்.

“ஆதம், இதனூடாக என் வயிறுதான் தெரியும். முகம் தெரியாமல் எப்படிக் கதைப்பது?”

அப்போதுதான் கவனித்தேன். என் கை அதை ஊர் அளவுக்கு வைத்திருந்தது. எங்கள் வீட்டு வழக்கத்தை எனக்குத் தெரிந்த இங்கிலீசில் விளக்கினேன். குடிக்கிற பெண்களைப் பார்க்க நான் வெட்கப்படுவதாக அவர் நினைத்துக்கொண்டு, பாவம் பார்த்து அப்படியே விட்டுவிட்டார். பிறகு எனக்கென்று ஒரு கோப்பைத் தேநீரை அதனூடாக நீட்டினார். மறுபக்கம் முகமில்லை. கை மட்டும். நான் அதை வாங்கவில்லை. கடைசியில் அவரே கோப்பையை விளிம்பில் வைத்துவிட்டுப் போனார்.

அதன்பின் அந்த அறையில் தனியே நிற்கும்போதெல்லாம் யன்னலுக்கு அப்பால் யாரோ காத்திருப்பதுபோல இருக்கும். காப்புச் சத்தம் கேட்கும். ஓதிக்கொண்டே பூசுவேன். பழைய காலத்துச் சீமாட்டி ஒருத்தியின் ஆவி அங்கே உலாவுவதாகக் கிராமத்தார் சொன்னார்கள். அது யாரென்று எனக்குத் தெரியும்.

இப்போது தூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அந்த யன்னலைப் படம் பிடிக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு: விக்டோரியா காலத்து அசல் வேலை, பெண்களின் முகம் மறையத் தாழ அமைத்தது என்று. என் பேரைப் போடச் சொன்னேன். அது உங்கள் சமயத்துக்கு அவமானமல்லவா, உங்களுக்காகத்தான் போடவில்லை என்றார் மிஸிஸ் ஹேரிஸ், நல்ல மனதோடுதான். ஊருக்குப் போன் எடுத்தால் மகளின் மாப்பிள்ளைக்கும் அதே பயம்.

“மாமா, நீங்க ஹோட்டல் கட்டினண்டுதான் நாங்க சொல்லி வெச்சிரிக்கம். பேரப் போட்டா, பள்ளிவாசல்ல நான் மூஞ்சிய எங்க கொண்டு வெக்கிற?”

“மருமகன், செவரு குடிக்கல்ல” என்றேன்.

அவர் இருப்பது நான் கட்டிய வீடு. எங்கள் பக்க வழக்கப்படி மகளுக்குச் சீதனமாக எழுதியாயிற்று. அங்கேயும் என் பேர் இல்லை. மனைவியின் மையித்தைப் பார்க்கக் கிடைக்காதவன் நான். அவவின் கைக்கென்று வைத்த யன்னல் கடலுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. இங்குள்ளதைச் செத்துப்போன வெள்ளைக்காரன் வைத்தான் என்கிறார்கள். அங்கே யார் வைத்தது என்று கேட்கவும் ஆளில்லை. இரண்டையும் வைத்தது கல்முனைக்குடி ஆதம்லெவ்வை மேசன். தகட்டில் அப்படியே எழுதுங்கள். ஊரிலும் அப்படியே சொல்லுங்கள்.