பேட்டரி எங்கே படுத்தது?

நாம்ஜில் அண்ணன் பானெட்டில் காதை வைத்துக் கண்ணை மூடிவிட்டால், எங்கள் குடியிருப்பு முற்றமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ரோமத் தொப்பியின் மடல்கள் இரண்டும் காதை இறுக்கி மூடியிருக்க, அவருக்கு என்னதான் கேட்கும் என்று கேட்க யாருக்கும் தைரியம் கிடையாது. உலான்பாத்தரில் குளிர் மைனஸ் முப்பத்தெட்டுக்கு இறங்கினால், கிளம்பாத கார்க்காரர்கள் எல்லோரும் அவரிடம்தான் வந்தாக வேண்டும்.

அவருடைய முதல் கேள்வி மாறவே மாறாது: “பேட்டரி ராத்திரி எங்க படுத்துச்சு?”

வண்டியிலேயே என்று சொன்னால் தொலைந்தோம். “பொண்டாட்டியத் தெருவுல படுக்க வைப்பியாய்யா?” என்று ஆரம்பித்து நம் பரம்பரையையே கழுவி ஊற்றுவார். அவருடைய பேட்டரி தினமும் சாயங்காலம் கழற்றப்பட்டு, பழைய கோட்டில் சுற்றப்பட்டு, நாலாவது மாடிக்குப் போய், வெந்நீர்க் குழாயோரம் சொகுசாகத் தூங்கும். காலையில் அவர் டீ குடிக்கும் முன்பே வண்டிக்குத் திரும்பிவிடும்.

இன்னொரு சட்டமும் உண்டு. பானெட்டைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். உள்ளே இன்ஜினுக்குக் கம்பளி போர்த்தியிருக்கிறதே, காய்ச்சல்காரனின் போர்வையை உருவிவிட்டா வைத்தியம் பார்ப்பது என்பார். அதனால் முதலில் வண்டிக்கு அடியில் ஒரு தட்டு நிறையத் தணல். பிறகு பின்சக்கரத்துக்கு இரண்டு உதை. பாதி வண்டிகள் கிளம்பிவிடும். தணலால்தான் என்று நான் நினைக்கிறேன்; உதையால் என்று அவர் நினைக்கிறார்.

இந்தப் புத்தாண்டுக் காலையில் அவரே மாட்டிக்கொண்டார். அன்றைக்குக் குடும்பத்தில் மூத்தவரைத் தேடிப்போய் வணங்க வேண்டும். மாமனாருக்கு எண்பத்தாறு வயது. போன வருடம் கார் மக்கர் பண்ணி மதியத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தவரை, “அடுத்த வருஷம் ஆட்டு மேல ஏறி வா மாப்ள, சீக்கிரம் வந்துரலாம்” என்று சபையில் வைத்து வாரிவிட்டார் கிழவர். இந்த முறை மற்ற மருமகன்களுக்கு முன்னால் போய் நின்றுவிடுவதாகச் சபதம்.

புதுப் பட்டு அங்கி, ஆரஞ்சு இடுப்புத்துணி. பக்கத்து இருக்கையில் துல்மா அண்ணி, மடியில் ஆட்டுக்கறிக் கொழுக்கட்டைப் பெட்டியோடு. சாவியைத் திருகினார். ஒரு முனகல்கூட இல்லை.

பட்டு அங்கியோடு தரையில் படுத்துத் தணல் தள்ளினார். சக்கரத்தை இரண்டல்ல, இருபது உதை உதைத்தார். ஆயிலைத் திட்டினார், பெட்ரோலைத் திட்டினார், கடைசியில் நான்தான் கண்ணு வைத்துவிட்டேன் என்றார். அவருடைய முதல் கேள்வியை மட்டும் அவரிடம் யாரும் கேட்கவில்லை. டாக்டரிடம் போய் நாக்கை நீட்டச் சொல்ல முடியுமா?

அரைமணி நேரம் போனது. அண்ணி பெட்டியை இருக்கையில் வைத்துவிட்டு, இறங்கி மாடிக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் பச்சைக் குழந்தை மாதிரி ஒரு கோட்டுப் பொட்டலம்.

“ஏங்க,” என்றார் நிதானமாக, “பேட்டரி ராத்திரி எங்க படுத்துச்சு?”

முற்றம் மொத்தமும் வானத்தைப் பார்த்தது. சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு வந்த கண்ணீர் இமையிலேயே உறைந்துவிட்டது. அண்ணன் பானெட்டைத் திறந்து, பேட்டரியை மாட்டி, சாவியைத் திருகினார். முதல் திருகிலேயே கிளம்பிவிட்டது வண்டி.

எங்கள் பக்கம் இளையவர் மூத்தவரின் முழங்கைக்கு அடியில் உள்ளங்கைகளைத் தாங்கலாகக் கொடுத்துக் குனிவதுதான் புத்தாண்டு வணக்கம். புருஷன் பெண்டாட்டிக்குள் அந்த வழக்கமே கிடையாது. நாம்ஜில் அண்ணன் இன்ஜினை ஓடவிட்டபடியே வண்டியை விட்டு இறங்கி வந்தார். அங்கியில் ஒட்டிய சாம்பலைத் தட்டினார். மாமனாருக்கென்று வைத்திருந்த அந்த வருடத்தின் முதல் வணக்கத்தை, துல்மா அண்ணியின் முழங்கைகளுக்கு அடியில் கைகொடுத்து, நன்றாகக் குனிந்து வைத்தார்.