பக்கத்து வீட்டுக்குப் போங்க!

பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது 1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில் என் வீட்டு வாசலில் நடந்தது.

போர் தொடங்கி ஏழு வாரம். எங்கள் பிரெஞ்சு கிராமத்து ஆண்கள் எல்லாரும் போர்முனையில். எவனாவது செத்தால் பட்டாளத்திலிருந்து சாவுச் சேதி எழுதிய தாள் மேயர் பெலுவேக்குத்தான் வரும். அவர் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, தானே நடந்து வந்து அந்த வீட்டு வாசலில் படிப்பார். கோட்டைக் கண்டாலே தெருவில் கதவுகள் படபடவென்று சாத்திக்கொள்ளும். கதவைத் திறக்காவிட்டால் சாவு இல்லை என்று எங்களுக்கு ஒரு பைத்தியக்கார நம்பிக்கை.

என் புருஷன் அர்மானிடமிருந்து இருபத்தாறு நாளாகக் கடிதம் இல்லை. செத்துவிடலாம் போலிருந்தது.

மழைக்கு என் வீட்டில் ஒதுங்கியிருந்த பக்கத்து வீட்டுக்காரி ஓதில் சிரித்தாள். "உன் ஆளு எழுதச் சோம்பேறிடி, லெயோந்தின்! என் புருஷன் கஸ்தோனும் அதே பட்டாளம்தானே? ஏதாச்சும்னா எழுத மாட்டானா?"

நாலு மணிக்கு அவள் தன் வீட்டுக்குப் போனாள். நாலு பத்துக்கு...

டக்... டக்... டக்.

சன்னல் வழியே பார்த்தேன். மேயர். கறுப்புக் கோட்டு.

மழை கொட்டுகிறது. கோட்டு நனையவேயில்லை.

யாரைக் கண்டாலும் குரைக்கும் என் நாய் மேசைக்கடியில் நடுங்கியது.

"மேயரய்யா... யாருக்கு?"

கதவுக்கடியில் ஒரு தாள் நுழைந்தது. வெளியே தள்ளினேன். மறுபடி நுழைந்தது...

"வேணாம்! என் அர்மான் எனக்கு வேணும்! பக்கத்து வீட்டுக்குப் போங்க!"

தாள் மெல்ல... வெளியே போனது.

காலடிச் சத்தம் இல்லை.

பிறகு பக்கத்து வீட்டில்... டக். டக். டக்.

தாழ்ப்பாள் திறந்தது.

"யாருங்க?" என்றாள் ஓதில்.

வாசலில் யாருமே இல்லை என்று பிறகு சொன்னாள். ஆறு மணிக்குச் சேதி வந்தது. மேயர் அன்று மதியம் பன்னிரண்டுக்கே மாரடைப்பில் இறந்துபோயிருந்தார்.

அந்த வாரமே மேயர் அலுவலகக் குமாஸ்தா வந்து, கஸ்தோன் செத்த சேதியை ஓதிலுக்குப் படித்தார். நவம்பரில் அர்மான் ஒடிந்த காலோடு உயிரோடு வந்தான். கட்டிக்கொண்டு அழுதேன். ஓதிலின் முகத்தைப் பார்க்க மட்டும் இன்றுவரை எனக்குத் துணிவில்லை.

ஒருநாள் அந்தக் குமாஸ்தா என்னைத் தனியே கூப்பிட்டு, ஓதிலுக்குப் படித்த அந்தத் தாளைக் காட்டினார். அதில் பட்டாளத்தார் எழுதியிருந்த பெயர் அர்மான். அதை அடித்துவிட்டு, மேலே மேயர் பெலுவே தன் கையெழுத்தில் கஸ்தோன் பெயரை எழுதியிருந்தார்.

தாள் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்ததாக முத்திரையில் இருந்த தேதி செப்டம்பர் 24. மேயரைப் புதைத்தது 23.