இருபதாம் எண் சீட்டு

என் டாக்டர் செத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கொன்றவன் மீது இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. காகிதத்தில் மட்டும் இருந்த டாக்டர்தான். அதனால் என்ன?

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் நான் கட்டிங் மிஷின் ஓட்டினேன். கொன்றவன் என்னோடு படித்தவன், அங்கேயே டிசைனர். சூலக்கரையில் அரசு அலுவலகக் கிளார்க்காக இருந்த, நாங்கள் அண்ணன் என்று கூப்பிட்டவர் எங்கள் மூன்றாவது ஆள். கேபிள் டிவியில் வந்த விண்கப்பல் தொடர் ஒன்றுக்கு மூன்று பேருமே பைத்தியம். அதை வைத்து மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் விளையாட்டு இருப்பதாகக் கேள்விப்பட்டு, வெளிநாட்டில் இருந்த மச்சினரிடம் சொல்லி விதிப்புத்தகத்தை வரவழைத்தார் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அச்சகத்தில்தான் ஆட்டம். கதையை அவர் நடத்துவார். கதைக்குள் அவன் கேப்டன், நான் டாக்டர்.

நினைத்தது பலிக்குமா என்று பார்க்க இருபது முகமுள்ள பகடையை உருட்டச் சொன்னது புத்தகம். விருதுநகர் பக்கம் அதற்கு எங்கே போவது? பட்டாசு லேபிள் கழிவில் அவன் இருபது சதுரச் சீட்டு வெட்டி, எண் எழுதி, பிஸ்கட் டப்பாவில் போட்டான். பார்க்காமல் கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். இருபது வந்தால் அமோகம், ஒன்று வந்தால் நாசம். பாத்திரம் செத்தால் அதன் விவரம் எழுதிய தாளில் அண்ணன் சிவப்பு மையால் கோடடித்துக் கையெழுத்துப் போடுவார்.

இரண்டு வருடம் அந்த டாக்டராக இருந்தேன். ஒருநாள் கேப்டன் பேச்சை மீறி, அடிபட்டுக் கிடந்த எதிரிகளுக்கு மருந்து போட்டேன். அவன் என்னைக் கப்பலுக்கு வெளியே, விண்வெளியில் தள்ளக் கிளம்பினான். சீட்டு எடுத்தான். இருபது.

"ஏலே, வெம்பக்கோட்டை அணையில தள்ளியிருந்தாக்கூட ஒன் டாக்டரு பொளச்சிருப்பான்லே," என்று சிரித்தான்.

அன்று சீட்டுகளை டப்பாவில் அள்ளிப் போட்டவன் நான். ஒரு சீட்டு விரலில் உறுத்தியது. மற்றதெல்லாம் லேபிள் காகிதம். இது மட்டும் சற்றே தடித்த ஆர்ட் பேப்பர். கண்ணுக்குத் தெரியாது, நாள் முழுக்கக் காகிதம் புழங்குகிற விரலுக்குத் தெரியும். திருப்பிப் பார்த்தேன். இருபதேதான். முக்கியமான கட்டத்தில் மட்டும் அவனுக்கு இருபது வருகிற ரகசியம் அப்போதுதான் விளங்கியது.

அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் திட்டிவிட்டு மறந்திருப்பார், எனக்கு அது போதாது. தீபாவளி சீசனில் ஞாயிறும் வேலை, ஆட்டம் இல்லை. அந்த மூன்று மாதமும் பிளேடு இறங்கும்போதெல்லாம் அவனைத்தான் நினைத்தேன்.

சீசன் முடிந்து உட்கார்ந்த முதல் ஞாயிறு, இருவரும் டீ குடிக்கப் போன நேரத்தில் இரண்டு சீட்டை மாற்றினேன். இப்போது ஆர்ட் பேப்பரில் இருப்பது எண் ஒன்று. லேபிள் காகிதத்தில் எண் இருபது.

அன்று எதிரிக் கப்பலைத் தன் கப்பலால் மோதப் போவதாக அறிவித்தான் கேப்டன். அண்ணன் தயங்கினார்.

"ஒண்ணு வந்தா கேப்டன் காலி. யோசிச்சுக்கோப்பா."

"பாத்துக்கிடலாம்ணே."

டப்பாவுக்குள் அவன் விரல்கள் சாவகாசமாகத் துழாவின, நின்றன. எடுத்த சீட்டைப் பார்க்காமலே மேசையில் போட்டான்.

ஒன்று.

அதைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் கண்ணை எடுக்கவில்லை. அண்ணன் சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டார்.

"பேப்பர் சரியில்லண்ணே," என்றான்.

"பேப்பர்ல என்னப்பா சரியில்ல?"

இந்த நிமிஷத்துக்காகத்தான் மூன்று மாதம் காத்திருந்தேன்.

"ஏலே, அண்ணன் கேக்காகல்ல," என்றேன். "சொல்லுலே."

அவன் கேப்டன் தாளை அண்ணன் பக்கம் தள்ளினான். அண்ணன் கோடடித்துக் கையெழுத்துப் போட்டார்.